அண்ணனுக்கு வலப்பக்கம்

அன்று காலை அந்த அறையில் இருந்தவர்கள் இவர்கள்: தோணிக்கார வீட்டின் இளையவர் ஆறுமுகநயினார், அவருடைய மதினி, அதாவது காலமான அண்ணனின் மனைவி பிரமநாயகி அம்மாள், அந்த அண்ணனின் மகளைக் கட்டிய தளவாய், வக்கீல் எஸ்தர் பொன்மலர். ஐந்தாவதாக மேசைமேல், உள்ளங்கையளவு கறுப்பு டிஸ்க் ஒன்றுக்குள், அண்ணன் வேலாயுதப்பெருமாள். அவர் இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அவரை இருந்தவர்களில் சேர்க்கலாமா என்று கேட்டால், சட்டம் சேர்த்தது. குடும்பமும் சேர்த்தது.

வராமற்போனவள் ஒருத்திதான். அண்ணனின் ஒரே மகள் உலகம்மை சிறையில் இருந்தாள். மறுநாள் அவள் வழக்கு விசாரணைக்கு வருகிறது. அவளை வெளியே கொண்டுவரக்கூடியது மேசைமேல் கிடந்த அந்த டிஸ்க் ஒன்றுதான். அது செத்துக்கொண்டிருந்தது.

தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் அவர்களுடைய படகு நிறுவனத்தின் மாடி அறை அது. ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்துக் கிரேன்கள் தெரிந்தன. நயினார் டிஸ்க்கைக் கையில் எடுத்து முனையைத் தடவினார். விரலில் வெள்ளையாக ஒட்டியது.

"மதினி, இதுல என்ன பூசியிருக்கீய?"

"திருநீறுதான் தம்பி. சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சிருந்தேன். உங்க அண்ணன்லா."

வக்கீல் கண்ணை மூடித் திறந்தாள். கடற்காற்று ஒரு பக்கம், திருநீறு ஒரு பக்கம். ஐந்து மாதம் பூசை வாங்கிய டிஸ்க். முந்தைய நாள் சாயங்காலம் அதை இயக்கியபோது உள்ளே கட்டை விரலால் பலகையைச் சுண்டுவது போலச் சத்தம் வந்தது. இன்னும் ஒரு தடவை ஓடும், இரண்டு தடவைக்கு உத்தரவாதம் இல்லை என்று பழுது பார்க்கிறவர்கள் சொல்லிவிட்டார்கள்.

அந்தக் காலத்தில் சாகப்போகிறவர்களின் நினைவை ஆஸ்பத்திரியிலேயே எடுத்துப் பதிந்து கொடுத்துவிடுவார்கள். கேட்டால் பதில் சொல்லும். அவர்களுடைய குரலிலேயே சொல்லும். கோர்ட்டிலும் சாட்சியாக நிற்கும். ஆனால் அதை எந்த இணைய வலையிலும் இணைக்கக் கூடாது. முன்பு இணைத்துவைத்திருந்த காலத்தில், யாரோ திருடி, செத்துப்போன தாய்மார்களை விட்டே பிள்ளைகளிடம் பிச்சை கேட்க வைத்தார்கள். நாடே அழுத சமாச்சாரம் அது. அதற்குப் பிறகு வந்த சட்டப்படி நினைவு தனி டிஸ்க்கில்தான் இருக்க வேண்டும். கேட்பதானாலும் நகல் எடுப்பதானாலும் வெளியே தனியாக வைக்கிற டாக் பெட்டியில் சொருகித்தான் செய்ய வேண்டும். ரொட்டி சுடுகிற பெட்டி மாதிரி இருக்கும் அது. மேலே பக்கம் பக்கமாக இரண்டு குழி, முன்னால் ஒரு பொத்தான், நான்கு விளக்கு, ஒரு சின்னத் திரை.

பெட்டியைப் பார்த்ததும் பிரமநாயகி அம்மாள் சொன்னாள்: "பிழைச்சிருந்தவரைக்கும் துறைமுக டாக்குலதான் கெடந்தாவ. செத்தும் டாக்குலதான் நிக்கணும்னு இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

"போன்ல பிடிச்சு வச்சாலே போதாதா வக்கீலம்மா? நேத்து பேசுனாவல்லா, எல்லாரும் கேட்டோமே" என்றார் தளவாய். மனைவி சிறைக்குப் போனதிலிருந்து அவர் சட்டை அவருக்குப் பெரிதாகிவிட்டது.

"குரலை யாரு வேணும்னாலும் செய்யலாம் சார். நான் நெனச்சா இங்கேயே உக்காந்து உங்க மாமனாரை என்ன வேணும்னாலும் பேச வைப்பேன். கோர்ட்டுக்கு வேண்டியது டிஸ்க்கு. மூலமும் வேணும், சீல் வச்ச நகலும் வேணும். நாளைக்குக் கோர்ட்டுல மூலம் ஓடலைன்னா நகல் பேசும். அதனாலதான் இன்னைக்கே எடுக்கணும்."

"நானே சொருகட்டுமா?"

"நீங்க சொருகுனா சாட்சி செல்லாது. காப்பாளர்தான் சொருகணும்."

இறுதிக் கடன் செய்தவரே நினைவுக்குக் காப்பாளர் என்று சட்டம் சொல்லியிருந்தது. அண்ணனுக்கு மகன் இல்லை. கொள்ளி வைத்தவர் நயினார். அவருடைய கட்டைவிரலுக்குத்தான் டிஸ்க்கின் பூட்டு திறக்கும்.

முந்தைய நாள் நடந்ததையும் சொல்ல வேண்டும். டிஸ்க்கை மட்டும் பெட்டியில் சொருகி, ஸ்பீக்கரை வைத்து, நயினார்தான் கேட்டார்: "அண்ணே, நயினார் பேசுதேன். புயல் எச்சரிக்கை அன்னைக்கு வள்ளியம்மையை யாரு அனுப்புனது?"

வள்ளியம்மை என்பது அவர்களுடைய சரக்குப் படகு. அது மாலத்தீவுக்குப் போகிற வழியில் மூழ்கி மூன்று பேர் இறந்தார்கள். புறப்படச் சொன்ன உத்தரவு நிறுவனத்தின் பெயரில் போயிருந்தது. நிறுவனத்தை நடத்தியவள் உலகம்மை. ஆகவே அவளைப் பிடித்துப்போனார்கள்.

ஸ்பீக்கரில் அண்ணனின் குரல் கனைத்துக்கொண்டது. செத்துப்போனவர் கனைப்பதைக் கேட்டு மதினி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"நான்தான்டே அனுப்புனேன். எம்மவ உலகு வேண்டவே வேண்டாம்னா. காத்து திரும்பிரும்னு நான்தான் அவ மேசையில இருந்து உத்தரவு போட்டேன். அவ கோவிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டா." கொஞ்சம் நின்று, "படகு வந்துட்டா?" என்றது.

உத்தரவு போட்ட அன்று சாயங்காலமே அவருக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. படகு மூழ்கிய செய்தி அவருக்குப் போய்ச் சேரவே இல்லை. டிஸ்க்கில் இருந்தவருக்கும் தெரியாது.

"வந்துட்டுண்ணே" என்றார் நயினார்.

அண்ணனிடம் அவர் சொன்ன ஒரே பொய் அது.

அண்ணன் பேரில் பழி வருவதற்கு நயினார் எப்படிச் சம்மதித்தார் என்று கேட்கலாம். அண்ணன் தன் வாயால் தானே ஒப்புக்கொண்டார். செய்ததைச் செய்தேன் என்று சொல்கிற வீட்டுக்கு அவமானம் கிடையாது என்பது நயினாரின் எண்ணம். அன்றிரவு அவர் நன்றாகத் தூங்கினார்.

இனி அந்த வீட்டு வழக்கம் ஒன்று. தோணிக்கார வீட்டில் மூத்தவருக்கு எப்போதும் வலப்பக்கம். பந்தி இலையிலும் அப்படித்தான். காரிலும், துறைமுகத்தில் நடக்கும்போதும், போட்டோவிலும் அப்படித்தான். உலகம்மை கல்யாணத்தில் போட்டோக்காரர் வெளிச்சத்துக்காக நயினாரை அண்ணனுக்கு வலப்புறம் நிறுத்தி எடுத்துவிட்டார். ஆல்பம் வந்ததும் நயினார் அதைத் திருப்பி அனுப்பினார். மாலையும் கழுத்துமாக எல்லோரையும் மறுபடி வரவழைத்து, மண்டபத்தை மறுபடி வாடகைக்குப் பிடித்து, மறுபடி எடுக்க வைத்தார். உறவுக்காரர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நயினார் சிரித்ததில்லை.

வக்கீல் கோர்ட் அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டு, சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னாள். "மூலம் முதல் குழியில. காலி டிஸ்க்கு ரெண்டாவதுல. பொத்தானை அழுத்தணும். நாலு விளக்கும் எரிஞ்சா நகல் முடிஞ்சுது. அவ்வளவுதான் ஐயா."

பெட்டியில் எண்கள் தேய்ந்துபோயிருந்தன. நயினார் கை அலம்பி, துண்டில் துடைத்து, அண்ணனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வலப்பக்கக் குழியில் இறக்கினார். கோர்ட் கொடுத்த காலி டிஸ்க்கை இடப்பக்கம் வைத்தார்.

தளவாய் மெல்ல வாயைத் திறந்தார். "மாமா, அந்தப் பெட்டியில ஒண்ணுங்கிறது..."

"என்ன?"

"இல்ல, இடப்பக்கம் இருந்துதான் எண்ணுவாவன்னு..."

"எங்க அண்ணனை எங்க உக்கார வைக்கணும்னு நீங்க எனக்குச் சொல்லித் தரணுமா மாப்ள? நேத்து இதே குழியில இருந்துதானே பேசுனாவ."

பேசினார்தான். கேட்பதற்கு எந்தக் குழியானாலும் ஒன்று. நகல் எடுப்பதற்கு அப்படி இல்லை என்பது அந்த அறையில் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. வக்கீல் மறுநாளுக்கான கேள்விகளைப் படித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை மாமனார் வீட்டு மரியாதையை மீறிப் பழக்கப்படாதவர். வாயை மூடிக்கொண்டார்.

நயினார் பொத்தானை அழுத்தினார்.

முதல் விளக்கு எரிய வெகுநேரம் ஆனது. பலகையைச் சுண்டுகிற அந்தச் சத்தம் வலப்பக்கத்தில் இருந்து வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் தளவாயின் தோள் துள்ளியது. டீ வந்து ஆடை படிந்து ஆறிப்போனது. இரண்டாவது விளக்கு எரிந்தபோது சத்தம் கொஞ்சம் அடங்கியது. மூன்றாவதற்கு முன் அறவே நின்றது.

"வலி கொறஞ்சிருக்கும்போல" என்றாள் பிரமநாயகி அம்மாள்.

"உலகுக்கு நாளைக்குச் சாப்பாடு வீட்டுலதான்" என்றார் தளவாய், யாரிடமும் இல்லாமல். "அவளுக்குத் தேங்காய்ப்பால் சொதி பிடிக்கும்."

"வச்சிருவோம்" என்றாள் மாமியார்.

நான்காவது விளக்கு மத்தியானம் எரிந்தது. வக்கீல் கைகுவித்தாள். தளவாய் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நகல் சரியாக வந்திருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு சீல் வைக்க வேண்டும். நயினார் ஸ்பீக்கரைத் திருப்பி வைத்து, இடப்பக்கத்து டிஸ்க்கிடம் கேட்டார். "அண்ணே."

ஒன்றுமில்லை. பெட்டியின் சின்னத் திரையில் ஒரு சொல் வந்தது. காலி.

"மூலத்துல கேளுங்க ஐயா" என்றாள் வக்கீல். அவள் குரல் மாறியிருந்தது.

"அண்ணே. நயினார் பேசுதேன்."

காலி.

பிறகு அவர் பல தடவை கூப்பிட்டார். எப்படியெல்லாம் கூப்பிட்டார் என்று எழுதத் தேவையில்லை. வக்கீல் மூன்று இடங்களுக்குப் போன் போட்டாள். மூன்று இடத்திலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: எந்தக் குழியில் எதை வைத்தீர்கள்? மூன்றாவது போனை வைத்துவிட்டு அவள் நயினார் பக்கம் திரும்பினாள்.

"காலியை எடுத்து அவர் மேல எழுதிருக்கு ஐயா. முழுசா. இனி திரும்பாது."

நயினாருடைய முதுகு நாற்காலியில் சாய்ந்ததை அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. அன்று சாய்ந்தது.

தளவாய் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "நான் சொன்னேன் மாமா" என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதை நயினார் சாகும்வரை மறக்கவில்லை.

"நாம நாலு பேரும் நேத்து கேட்டோமே" என்றாள் பிரமநாயகி அம்மாள். "நாலு பேரும் போய்ச் சொன்னா?"

"மூணு பேர் குடும்பம், நாலாவது ஆள் உங்க வக்கீல். எவன் நம்புவான் அம்மா?"

"அப்ப எம்பிள்ளை?"

வக்கீல் கேள்வித் தாள்களை மடித்து வைத்தாள்.

நயினார்தான் கேட்டார். "தவறிப்போய் அழிஞ்சா சட்டம் என்ன சொல்லுது?"

"அப்படி ஒரு சாட்சியே இல்லாத மாதிரி எடுத்துக்கும். உலகம்மைக்கு அதால லாபமும் இல்ல, நஷ்டமும் இல்ல. மத்த சாட்சியெல்லாம் அவளுக்கு எதிராத்தான் இருக்கு."

"வேணும்னு அழிச்சா?"

"காப்பாளருக்கு ஜெயில். அதோட, அழிச்சவன் எதை மறைக்க அழிச்சானோ அது உள்ள இருந்துச்சுன்னே கோர்ட் எடுத்துக்கும். இல்லன்னா அவனவன் தனக்குப் பிடிக்காததை அழிச்சிட்டுப் போயிருவான்லா. அதுக்குப் போட்ட சட்டம்."

"எதை மறைச்சான்னு யாரு சொல்லணும்?"

"அவனேதான் ஒப்புக்கணும். இல்லன்னா அரசாங்கத் தரப்பு நிரூபிக்..." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். நயினாரின் முதுகு மறுபடி நிமிர்ந்திருந்தது. போனைக் கையில் எடுத்தாள். "ஐயா, நான் வக்கீல். நீங்க என்கிட்ட எதுவும் கேக்கல. நானும் எதுவும் சொல்லல. கீழ போய் ஒரு போன் பேசிட்டு வாரேன்."

அவள் படி இறங்குகிற சத்தம் கேட்டது.

"மாமா, வேண்டாம்" என்றார் தளவாய். "வேற வழி பாப்போம்."

"என்ன வழி இருக்கு, சொல்லுங்க."

தளவாய் ஆறிப்போன டீயைத் தள்ளி வைத்தார்.

நயினார் மதினியின் பக்கம் திரும்பினார். "அண்ணன் தானா ஒப்புக்கிட்டா அது ஒரு மாதிரி. தம்பி மறைச்சான், பிடிபட்டான்னா அது வேற மாதிரி. ஊரு ரெண்டு பேர் மேலயும் காறித் துப்பும். உங்க தாலி கட்டுன ஆளு பேரு. நீங்க சொன்னாத்தான் செய்வேன்."

பிரமநாயகி அம்மாள் டாக் பெட்டியைப் பார்த்தபடி இருந்தாள். "மூணு வீட்டுல ஆம்பளைய வரல தம்பி. அவிய அனுப்புனது நெசந்தானே. பேரு கெட்டா கெட்டுட்டுப் போகுது. எம்பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க."

"ஒரு கண்டிசன்" என்றார் நயினார். "உலகுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா அவ நேரா ஜட்ஜ் முன்னால போய் நின்னு, சித்தப்பா பொய் சொல்லுதாருன்னு சொல்லிருவா. அவ எங்க அண்ணன் மகள்லா."

மறுநாள் கோர்ட்டில் கூட்டம். மூழ்கியவர்களின் வீட்டார் முன்வரிசையில் இருந்தார்கள். அவர்களில் மெர்சலின் என்கிற பெண் வயிற்றுப் பிள்ளையோடு வந்திருந்தாள். நயினார் சாட்சிக் கூண்டில் ஏறி, வெள்ளை வேட்டி மடிப்புக் கலையாமல் நின்றார்.

"காலி டிஸ்க்கை எந்தக் குழியில் வைத்தால் மூலம் அழியும் என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் அரசு வக்கீல்.

"தெரியும்."

"தெரிந்தே வைத்தீர்களா?"

"தெரிஞ்சேதான் வச்சேன்."

"எதற்காக?"

"படகை அனுப்புனது எங்க அண்ணன். அந்த டிஸ்க்கு அதைச் சொல்லிச்சு. ஊருக்குத் தெரியக்கூடாதுன்னு அழிச்சேன்."

"உங்கள் அண்ணன் மகள் சிறையில் இருப்பது தெரிந்தும்?"

"தெரிஞ்சும்."

கூண்டுக்கு எதிரே உலகம்மை நின்றுகொண்டிருந்தாள். அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வாக்கு மாறியிருக்கும். அவர் இறங்கி வரும்போது மெர்சலின் எழுந்து வழியை மறித்தாள்.

"பெரிய வீட்டுக்காரவிய" என்றாள். "உங்க பேரைக் காப்பாத்த ஒரு டிஸ்க்கை அழிச்சிட்டிய. எங்க ஆளு நெனப்பு எங்க இருக்கு தெரியுமா? கடலுக்குள்ள."

அவர் தலை குனிந்தார். அது மட்டும் நடிப்பில்லை.

அந்த வாரமே உலகம்மையை விடுதலை செய்தார்கள். நயினாருக்கு மூன்றாண்டு கிடைத்தது. பிரமநாயகி அம்மாள் சொதி வைத்தாள். உலகம்மை இலையில் உட்கார்ந்து, "சித்தப்பா என்னைய உள்ளேயே வச்சு மூடப் பாத்தாவல்லாம்மா?" என்று கேட்டாள். தளவாய் தண்ணீர் எடுக்க எழுந்துபோனார். தாய், "சாப்பிடு" என்றாள்.

உலகம்மை சிறைக்கு நயினாரைப் பார்க்கப் போகவில்லை. அவர் வெளியே வந்த பிறகும் போகவில்லை. கூடத்தில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவை, இரண்டாவது தடவை எடுத்த அதே போட்டோவை, கழற்றிப் பரணில் போட்டாள். நிறுவனத்தின் பெயரை மாற்றினாள். முதல் வேலையாக மூழ்கிய மூன்று பேரின் பிள்ளைகளுக்கும் மற்றப் படகுகளில் பங்கு எழுதிவைத்தாள். அதைக் கேள்விப்பட்ட நயினார், "அண்ணன் ரத்தம்" என்று மட்டும் சொன்னார். அவர் பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன வீட்டில், தளவாய் மனைவியிடம் சொல்லாமல் கொண்டுவந்து வைக்கிற சாப்பாட்டைத் தின்றுகொண்டு, யாரிடமும் நியாயம் பேசாமல் ஆறு வருடம் இருந்தார். கோயிலில் அவரைக் கண்டு ஒதுங்கியவர்கள் உண்டு. அவர் முதுகு நிமிர்ந்தபடிதான் நடந்தார்.

கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரியில் நினைவு எடுக்கிற பெண் கருவியோடு வந்தாள்.

"வேண்டாம்மா."

"எல்லாரும் எடுக்காங்க தாத்தா. சும்மா படுத்திருந்தாப் போதும்."

"என்கிட்ட எடுத்து வைக்க ஒண்ணுமில்ல."

அவள் வற்புறுத்தினாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எடுத்திருந்தால் யாராவது ஒருநாள் அதைப் பெட்டியில் சொருகி, எந்தக் குழியில் எதற்காக வைத்தாய் என்று கேட்பார்கள். டிஸ்க்குக்குப் பொய் சொல்லத் தெரியாது. அன்றிரவே அவர் போய்விட்டார்.

பதினாறாம் நாள் தளவாய் மனைவியை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். மேல்முறையீட்டுக் காலமெல்லாம் முடிந்துபோயிருந்தது. இனி வழக்கு திரும்பாது. உலகம்மை கடைசிவரை கேட்டாள். பிறகு நாற்காலி போட்டுப் பரணில் ஏறினாள். தூசி துடைத்து, பழைய ஆணியிலேயே போட்டோவை மாட்டினாள். அதில் அப்பா வலப்பக்கம். சித்தப்பா இடப்பக்கம்.

தோணிக்கார வீட்டு ஆறுமுகநயினார் குடும்ப மானத்துக்காக அண்ணனின் நினைவை வேண்டுமென்றே அழித்தார், அதற்காக அண்ணன் மகளைச் சிறையில் விடத் துணிந்தார், தன் நினைவையும் பயந்துதான் கொடுக்கவில்லை என்று ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். அது உண்மையல்ல. அவர் அண்ணனை வலப்பக்கம் வைத்தார்.